ஒரு கோப்பு, இருநூறு தோற்றங்கள்: சிஎஸ்எஸ் ஜென் கார்டன் வழியே இணையப் பக்க வடிவமைப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

2003ஆம் ஆண்டு மே மாதம், கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த வடிவமைப்பாளர் டேவ் ஷே, ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பை, அதாவது பக்கத்தின் உரையையும் கட்டமைப்பையும் குறிக்கும் கோப்பை, இணையத்தில் வைத்தார். அதன் தோற்றத்தை வரையறுக்கத் தாமே எழுதிய ஐந்து நடைத்தாள்களையும் உடன் வைத்து, அதே கோப்புக்கு எவர் வேண்டுமானாலும் புதியதொரு நடைத்தாளை எழுதி அனுப்பலாம் என்று அழைப்பு விடுத்தார். நிபந்தனை கண்டிப்பானது: எச்டிஎம்எல் கோப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது, சிஎஸ்எஸ் என்ற மொழியில் எழுதும் நடைத்தாளும், அதன் வழியே அழைக்கப்படும் படங்களும் மட்டுமே பங்கேற்பவரின் கையில் இருக்கும். 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' என்று பெயர்பெற்ற இம்முயற்சியில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட வடிவமைப்புகளின் எண்ணிக்கை காலப்போக்கில் 200ஐத் தாண்டியது. அத்தனைக்கும் அடியில் இருந்தது ஒரே உரை, ஒரே குறியிடல்.

இணையப் பக்க வடிவமைப்பைக் கற்க வருபவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடப்பொருளை நான் அறியேன். ஒரு பக்கத்தின் கட்டமைப்பு எது, தோற்றம் எது, இரண்டுக்கும் இடையிலான கோடு எங்கே விழுகிறது என்ற கேள்வியை இந்தக் கோப்பு வரிக்கு வரி எழுப்புகிறது. அந்தக் கோட்டை அது சரியாகப் போட்ட இடங்களும் தவறவிட்ட இடங்களும் ஒரே கோப்புக்குள் அருகருகே கிடைப்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்க முடிகிறது. தவறிய இடங்களிலிருந்து கிடைக்கும் பாடமே பெரிது என்பது என் கருத்து. ஆகவே இந்த ஆய்வின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியது.

கோப்பு பிறந்த சூழல்

டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் 1991ஆம் ஆண்டு விவரித்த முதல் எச்டிஎம்எல்லில் 18 குறிச்சொற்களே இருந்தன. இது தலைப்பு, இது பட்டியல், இது இணைப்பு என்று சொல்வதே அவற்றின் வேலை; தலைப்பு எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்பதை உலாவி முடிவு செய்தது. ஆய்வுக் கட்டுரைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. 1993இல் மொசைக் உலாவியும் 1994இல் நெட்ஸ்கேப் உலாவியும் வந்து, வணிக நிறுவனங்களும் பத்திரிகைகளும் இணையத்துக்கு வரத் தொடங்கியபின் அது போதவில்லை. தாம் நினைத்த தோற்றத்தைப் பக்கத்துக்குத் தர வேறு வழி இல்லாததால், வடிவமைப்பாளர்கள் இருந்த குறிச்சொற்களையே வளைத்தார்கள். எண்களை வரிசைப்படுத்திக் காட்டுவதற்காகப் பிறந்த அட்டவணை, கரையின் தடிமன் சுழியமாக்கப்பட்டு, பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்கும் சாரமாயிற்று. இடைவெளி தேவைப்பட்ட இடங்களில் ஒரு பிக்சல் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத கிஃப் படத்தை இழுத்து நீட்டி வைத்தார்கள். எழுத்துருவையும் நிறத்தையும் குறிக்கும் 'ஃபான்ட்' குறிச்சொல் பத்திக்குப் பத்தி திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. 1997 ஜனவரியில் வெளிவந்த எச்டிஎம்எல் 3.2 அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

இதற்கான மாற்று அதற்கு முன்பே எழுத்தில் இருந்தது. ஹோகுன் வியூம் லீ 1994 அக்டோபர் 10 அன்று நடைத்தாள் பற்றிய தமது முன்மொழிவை வெளியிட்டார். பெர்ட் போஸ் அவருடன் சேர்ந்து உழைத்தார். சிஎஸ்எஸ் முதல் நிலை 1996 டிசம்பர் 17 அன்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரை ஆயிற்று. விதிமுறை வந்துவிட்டாலும் உலாவிகள் அதைப் பின்பற்றவில்லை. 1997இல் வந்த நெட்ஸ்கேப் 4, சிஎஸ்எஸ்ஸை அரைகுறையாகவும் பல இடங்களில் பிழையாகவும் கையாண்டது. அதில் ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்தால் நடைத்தாளும் சேர்ந்தே அணைந்துவிடும். 1998இல் உருவான வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புராஜெக்ட் என்ற அமைப்பு உலாவி நிறுவனங்களை விதிமுறைக்கு இணங்கச் சொல்லி வற்புறுத்தியது. அதே ஆண்டில் டாட் ஃபார்னர், ஓர் உலாவி சிஎஸ்எஸ் முதல் நிலையைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் சோதனைப் பக்கம் ஒன்றை எழுதினார். இந்தப் பெயர் மீண்டும் வரும்.

2002 அக்டோபரில் டக்ளஸ் போமனின் வடிவமைப்பில் வயர்ட் நியூஸ் தளம் முற்றிலும் சிஎஸ்எஸ் அமைப்புக்கு மாறியது. பெரிய தளம் ஒன்றுக்கும் இது ஒத்துவரும் என்று அதன்பின் தெளிவாயிற்று. ஆயினும் படக்கலை பயின்ற வடிவமைப்பாளர்களிடம் ஓர் எண்ணம் ஊறிப் போயிருந்தது: சிஎஸ்எஸ்ஸால் செய்த பக்கம் கட்டம் கட்டமாக, களையிழந்துதான் இருக்கும், அது நிரலாளர்களின் விளையாட்டு. ஷே இந்த எண்ணத்தோடு வாதாடவில்லை, செய்து காட்டினார்.

கோப்பின் உள்ளே

கோப்பு, எச்டிஎம்எல்லின் கண்டிப்பான வடிவமான எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 ஸ்டிரிக்ட் வகையில் எழுதப்பட்டது. அந்த வகையில் 'ஃபான்ட்', 'சென்டர்' போன்ற தோற்றக் குறிச்சொற்களுக்கு இடமே கிடையாது. முதல் நிலைத் தலைப்பு ஒன்று, இரண்டாம் நிலைத் தலைப்பு ஒன்று, அவற்றின் கீழ் மூன்றாம் நிலைத் தலைப்புகள் எட்டு; ஒவ்வொன்றின் கீழும் பத்திகள்; கடைசியில் இணைப்புப் பட்டியல். பிரிவுகள் 'டிவ்' குறிச்சொல்லால் சூழப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் நடைத்தாள் அதை அடையாளம் காண ஒரு தனிப்பெயர், அதாவது ஐடி, தரப்பட்டது. அந்த ஐடி பெயர்கள் கற்பவரின் கவனத்துக்குரியவை. 'இன்ட்ரோ', 'பிரியாம்பிள்', 'சப்போர்ட்டிங் டெக்ஸ்ட்', 'லிங்க் லிஸ்ட்' என்று அவை ஒவ்வொன்றும் அந்தப் பகுதி என்ன சொல்கிறது என்பதைக் கொண்டு இடப்பட்டவை. 'இடப்பத்தி', 'சிவப்புப் பெட்டி' என்று பெயர் வைத்திருந்தால், இரண்டாவது வடிவமைப்பிலேயே அந்தப் பெயர்கள் பொய்யாகியிருக்கும். இன்றும் மாணவர் எழுதும் கோப்புகளில் நான் முதலில் பார்ப்பது இந்தப் பெயர்களைத்தான். கட்டமைப்பை அவர் புரிந்துகொண்டாரா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

கோப்பில் இணைப்புப் பட்டியல் கடைசியில் வருகிறது. அதாவது, முகப்புரையும் விளக்கமும் முடிந்தபின்பே பட்டியல். நடைத்தாள் இல்லாமல் படிப்பவருக்கும், பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் வழியே கேட்பவருக்கும் முதலில் விஷயம் கிடைக்கிறது. பிறகு வேறு பக்கங்களுக்கான வழிகள் கிடைக்கின்றன. ஆனால் திரையில் அந்தப் பட்டியல் பல வடிவமைப்புகளில் பக்கத்தின் உச்சியில், இடமோ வலமோ நிற்கிறது. உரையில் எது முன், எது பின் என்பதும், கண்ணுக்கு எது எங்கே என்பதும் இரு வேறு முடிவுகள் என்பதை அட்டவணை முறையில் பழகியவருக்கு விளங்க வைப்பது கடினம், ஏனெனில் அட்டவணையில் இடப்பத்திக்குரிய உரை எப்போதும் கோப்பிலும் முன்னால் நிற்கும். இந்தக் கோப்பைத் திறந்து காட்டினால் விளக்கம் தேவைப்படுவதில்லை.

நடைத்தாளை அழைத்த விதமும் சிந்தித்துச் செய்யப்பட்டது. வழக்கமான 'லிங்க்' குறிச்சொல்லுக்குப் பதிலாக 'இம்போர்ட்' கட்டளை பயன்படுத்தப்பட்டது. நெட்ஸ்கேப் 4க்கு அந்தக் கட்டளை விளங்காது. ஆகவே அது நடைத்தாளை ஏற்றாமல், அலங்காரமற்ற வெற்றுப் பக்கத்தைக் காட்டும். பிழையாகக் கையாளப்பட்ட சிஎஸ்எஸ்ஸால் குலைந்த பக்கத்தைவிட, தலைப்பும் பத்தியும் பட்டியலுமாகத் தெளிவாகப் படிக்கக்கூடிய வெற்றுப் பக்கம் மேலானது என்ற முடிவு அதன் பின்னால் இருந்தது. கட்டமைப்பு தன் காலில் நிற்குமானால் மட்டுமே இப்படி முடிவெடுக்க முடியும்.

முதல் நடைத்தாளின் சில வரிகள்

001 என்ற எண்ணைக் கொண்ட முதல் வடிவமைப்புக்கு 'டிராங்கீல்' என்று பெயர். ஷே தாமே எழுதியது. அதன் முதல் விதியில் பக்கம் முழுவதற்கும் ஜார்ஜியா எழுத்துரு, எழுத்தின் அளவு 8 பாயின்ட், வரி உயரம் 16 பாயின்ட், நிறம் 555753 என்ற எண்ணுள்ள சாம்பல் என்று வரையறுக்கப்பட்டது. வரி உயரம் எழுத்தளவின் இரு மடங்கு. அச்சுப் பக்கங்களில் வழக்கமாக விடப்படும் இடைவெளியைவிட இது மிக அதிகம். சிறிய எழுத்தாக இருந்தும் பக்கம் நெரிசலாகத் தோன்றாமல் மூச்சு விட்டு நிற்பதற்கு இந்த ஒரு வரியே காரணம். பின்னணியில் பூக்களின் படம் ஒன்று பக்கத்தின் கீழ் வலது மூலையில், ஒரே ஒரு முறை, திரும்பத் திரும்ப வராதபடி வைக்கப்பட்டது. எச்டிஎம்எல்லில் அந்தப் பூக்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருக்கவும் கூடாது, ஏனெனில் அவை உரையின் பகுதி அல்ல.

அனைத்தையும் சூழ்ந்திருக்கும் 'கன்டெய்னர்' பிரிவுக்கு இடப்புறம் 110 பிக்சல், வலப்புறம் 175 பிக்சல் உள்ளிடைவெளி, அதாவது பெட்டியின் ஓரத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் நடுவே விடும் இடம், தரப்பட்டது. அகலம் தரப்படவில்லை. வலப்புறம் விடப்பட்ட அந்த வெற்றிடத்தில், இணைப்புப் பட்டியல் பக்கத்தின் மேல் வலது மூலையில் தனித்து நிலைநிறுத்தப்பட்டது. ஒரு பகுதி தனக்குரிய இடத்தை விட்டுக்கொடுக்க, மற்றொரு பகுதி அந்த இடத்தில் வந்து அமர்கிறது. கோப்பில் கடைசியாக எழுதப்பட்டது திரையில் உச்சிக்கு வருகிறது. மேலே சொன்ன வரிசை மாற்றம் இவ்வளவு எளிதாக நடந்தது.

இந்தப் பிரிவுக்கு அகலமும் உள்ளிடைவெளியும் சேர்த்துத் தரப்படாதது தற்செயலாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அன்றைய நிலையில் அது பெரும் பலனைத் தந்தது. விதிமுறைப்படி 'அகலம்' என்பது உள்ளடக்கத்தின் அகலம் மட்டுமே. உள்ளிடைவெளியும் கரையும் அதற்கு மேல் சேரும். 300 பிக்சல் அகலம், நான்கு புறமும் 20 பிக்சல் உள்ளிடைவெளி, 5 பிக்சல் கரை என்றால் திரையில் அந்தப் பெட்டி 350 பிக்சல் இடத்தை எடுக்கும். விண்டோஸில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, இவை எல்லாவற்றையும் 300க்குள்ளேயே அடக்கிவிடும். ஆகவே ஒரே நடைத்தாள் இரு உலாவிகளில் இரு அகலங்களைத் தந்து, பத்திகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. மைக்ரோசாஃப்ட்டில் மேக் கணினிக்கான உலாவியை உருவாக்கிய தான்டெக் செலிக், பழைய உலாவி தவறாகப் படித்து நின்றுவிடும் ஒரு வரியை விதிக்குள் நுழைத்து, இரண்டுக்கும் வெவ்வேறு அகலம் போய்ச் சேரும்படியான வழியைக் கண்டுபிடித்தார். அக்கால நடைத்தாள்கள் பலவற்றில் அந்த வரி அப்படியே காணக் கிடைக்கிறது. 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பு, கோப்பின் தலையில் ஆவண வகை முறையாக அறிவிக்கப்பட்டிருந்தால் விதிமுறைப்படி கணக்கிட்டது. ஜென் கார்டனோ, ஐந்தாம் பதிப்பிலும் மொஸில்லா உலாவியிலும் சோதித்துவிட்டு அனுப்புமாறு பங்கேற்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஆகவே ஒவ்வொருவரும் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியே ஆக வேண்டியிருந்தது. கரை வரை சேர்த்து அளக்கும் பழைய கணக்கு, 'பாக்ஸ் சைசிங்' என்ற பண்பின் வழியே பிற்காலத்தில் ஒரு தேர்வாக விதிமுறைக்குள் வந்துவிட்டது. இன்று நடைத்தாள் எழுதுபவர்களில் பெரும்பாலோர் முதல் வரியிலேயே அதைத்தான் போடுகிறார்கள். கற்பவர் அந்த வரியை மனப்பாடமாக எழுதாமல், 350க்கும் 300க்கும் உள்ள வேறுபாட்டைத் தாளில் ஒரு முறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

தலைப்பு படமான கதை

இப்போது கோப்பின் பலவீனமான இடத்துக்கு வருவோம். ஜென் கார்டனின் மூலக் கோப்பில் ஒவ்வொரு தலைப்பின் உள்ளும், தலைப்பு உரையைச் சூழ்ந்து ஒரு 'ஸ்பேன்' குறிச்சொல் இருந்தது. பத்திகளிலும் அப்படியே. உரைக்கு அதனால் எந்தப் பொருளும் கூடவில்லை. கோப்பின் அடியில் உள்ளடக்கம் ஏதும் இல்லாத ஆறு 'டிவ்'கள் வரிசையாக நின்றன. கூடுதல் படங்களைத் தொங்கவிட அவை கொக்கிகளாகப் பயன்படும் என்று அருகிலேயே குறிப்பும் எழுதப்பட்டிருந்தது. தோற்றத்துக்காகக் கட்டமைப்புக்குள் வெற்றுக் குறிச்சொற்களை நுழைப்பது, ஜென் கார்டன் எந்த வழக்கத்தை எதிர்த்து எழுந்ததோ அதே வழக்கத்தின் சிறிய வடிவம். அன்றைய சிஎஸ்எஸ் ஆதரவின் எல்லைக்குள் வேறு வழி குறைவாக இருந்தது என்பது உண்மை. அந்தச் சலுகைக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

'ஸ்பேன்' அங்கே இருந்ததற்குக் காரணம் உண்டு. அன்றைய உலாவிகளில், படிப்பவரின் கணினியில் நிறுவப்பட்டுள்ள எழுத்துருக்களை மட்டுமே நம்பிப் பயன்படுத்த முடியும். அவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. தலைப்புக்கு அழகிய எழுத்துரு வேண்டுமானால் அதைப் படமாக வரைந்துதான் வைக்க வேண்டும். 'டிராங்கீல்' நடைத்தாளில் முதல் நிலைத் தலைப்புக்கு 219 பிக்சல் அகலமும் 87 பிக்சல் உயரமும் உள்ள பின்னணிப் படம் தரப்பட்டு, அதனுள் இருந்த 'ஸ்பேன்' முழுவதும் 'டிஸ்பிளே நன்' என்ற விதியால் மறைக்கப்பட்டது. உரை கோப்பில் இருக்கும், திரையில் தெரியாது. அதன் இடத்தில் படம் தெரியும். சோதனைப் பக்கம் எழுதிய அதே டாட் ஃபார்னரின் பெயரால் இந்த உத்தி 'ஃபார்னர் பட மாற்று முறை' என்று அழைக்கப்பட்டது. 2003இல் டக்ளஸ் போமன் அதை விளக்கி எழுதியபின் எங்கும் பரவிற்று. தேடுபொறிக்கு உரை கிடைக்கிறது, திரைவாசிப்பானுக்கும் உரை கிடைக்கிறது, கண்ணுக்கு அழகு கிடைக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள்.

நம்பிக்கையின் நடுப்பகுதி பிழையானது. திரைவாசிப்பான் எச்டிஎம்எல் கோப்பை நேரடியாகப் படிப்பதில்லை. உலாவி நடைத்தாளைப் பொருத்தி உருவாக்கிய பக்கத்தையே படிக்கிறது. 'டிஸ்பிளே நன்' என்றால் உலாவியைப் பொறுத்தவரை அப்படியொரு பகுதியே பக்கத்தில் இல்லை. கண் பார்வை இல்லாதவருக்கு உதவும் என்று கோப்பில் விட்டுவைக்கப்பட்ட தலைப்பு, அவருக்கு மட்டும் கிடைக்காமல் போயிற்று. அணுகல்தன்மை பற்றித் தொடர்ந்து எழுதிவந்த ஜோ கிளார்க், 2003 அக்டோபரில் திரைவாசிப்பான்களை வைத்துச் சோதித்து இதை வெளிப்படுத்தினார். இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது: மெதுவான இணைப்பில் படங்களை அணைத்துவிட்டுப் படிப்பவருக்கு, படமும் இல்லை, உரையும் இல்லை.

தவறு தெரிந்தபின் திருத்தங்கள் விரைந்து வந்தன. மைக் ரண்டில், 'ஸ்பேன்' இல்லாமலேயே தலைப்பின் உரையை எதிர்ம மதிப்புள்ள உள்தள்ளலால் திரைக்கு வெளியே 5000 பிக்சல் தள்ளிவிடும் வழியைக் காட்டினார். உரை மறைக்கப்படவில்லை, நகர்த்தப்பட்டது. ஆகவே திரைவாசிப்பான் அதைப் படித்தது. படங்களை அணைத்தவரின் சிக்கல் மட்டும் அப்படியே இருந்தது. ஷே இத்தகைய மாற்றுகளைத் திரட்டி ஒப்பிட்டு வெளியிட்டார். தமது முயற்சியின் மையத்தில் இருந்த ஓர் உத்தி பிழை என்று தெரிந்ததும் அதைப் பூசி மெழுகாமல் எல்லோரும் பார்க்கும்படி ஆராய்ந்த அந்த நேர்மை, ஜென் கார்டனின் அழகான பக்கங்களுக்கு நிகரான கொடை என்றே நான் கருதுகிறேன். முறையான தீர்வு 2008இல் சஃபாரியும் 2009இல் ஃபயர்ஃபாக்ஸும் இணைய எழுத்துருக்களை ஏற்றதும் வந்தது. எழுத்துருவைக் கோப்பாகவே அனுப்ப முடிந்தபின், எழுத்தைப் படமாக்கும் தேவை மறைந்தது.

மாணவர் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு சோதனை முறை. தலைப்பில் உள்ள ஒரு சொல்லை எச்டிஎம்எல்லில் மாற்றிப் பாருங்கள். திரையில் அந்தச் சொல் மாறவில்லை என்றால், பக்கத்தில் இரண்டு உரைகள் இருக்கின்றன என்று பொருள்: ஒன்று கோப்பில், மற்றொன்று படத்தில். ஒன்றைத் திருத்துபவர் மற்றொன்றைத் திருத்த மறப்பார்.

தமிழ் உரையை இதில் வைத்தால்

தமிழ் இணையத்துக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. நமக்கு இது இன்னும் ஆழமாக நேர்ந்தது. எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யுனிகோட் என்ற பொதுக் குறியாக்கம் பரவுவதற்கு முன், தமிழ்த் தளங்கள் பலவும் தத்தமக்கென்று ஒரு குறியாக்கத்தை வைத்திருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் ஆகிய குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. டிஸ்கி என்ற குறியாக்கம் தனியே வழங்கிவந்தது. இவை தவிர, நிறுவனங்கள் தமக்கென்று செய்துகொண்டவையும் இருந்தன. கோப்பில் உண்மையில் இருந்தவை ரோமன் எழுத்துகளுக்குரிய எண்கள். 'ஃபான்ட்' குறிச்சொல் சொல்லும் எழுத்துரு கணினியில் இருந்தால் மட்டுமே அவை தமிழாகத் தெரியும். எழுத்துரு இல்லாதவருக்குப் பொருளற்ற குறிகளின் வரிசைதான் கிடைக்கும். தோற்றத்தை நீக்கினால் உள்ளடக்கமே நீங்கிவிடும் நிலை அது. உரையும் தோற்றமும் பிரிந்து நிற்க வேண்டும் என்ற கொள்கை, தமிழில் யுனிகோட் நிலைத்தபின்தான் முழுப் பொருளோடு செயல்படத் தொடங்கியது. அந்நாளையத் தமிழ்ப் பக்கங்கள் எத்தனையோ இன்று தேடினாலும் கிடைக்காமல், கிடைத்தாலும் படிக்க முடியாமல் போனதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

'டிராங்கீல்' நடைத்தாளைத் தமிழ் உரையின் மேல் போர்த்திப் பார்ப்பது நல்ல பயிற்சி. மூன்றாம் நிலைத் தலைப்புகளுக்கு அது சாய்வெழுத்தும் ஒரு பிக்சல் எழுத்திடைவெளியும் தருகிறது. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் தனியே வரையப்பட்ட சாய்வெழுத்து கிடையாது; உலாவி நேரெழுத்தையே சாய்த்துக் காட்டும், கொம்பும் சுழியும் அதில் கோணலாகின்றன. பத்திகளை இரு ஓரமும் சமன்செய்யச் சொல்லும் விதி அதே நடைத்தாளில் உண்டு. பக்கத்தின் தொடக்கத்தில் வரும் சுருக்கவுரை மட்டும் நடுவில் ஒழுங்கமைக்கப்பட்டது; அதற்குத் தரப்பட்ட அகலமோ 160 பிக்சல்தான். நீண்ட தமிழ்ச் சொற்கள் அந்த அகலத்தில் வரிக்கு இரண்டோ மூன்றோதான் அடங்கும். அத்தகைய குறுகிய இடத்தில் சமன்செய்தால் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும். 8 பாயின்ட் எழுத்தில் 'ணை', 'னை' வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடாது. வரி உயரம் மட்டும் நமக்கு அப்படியே பொருந்துகிறது: மேலே ஏறும் இகரக் கொக்கிகளுக்கும் கீழே இறங்கும் உகர வளைவுகளுக்கும் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். இத்தனை மாற்றங்களையும் நடைத்தாளில் மட்டுமே செய்துவிட முடியும் என்பதும், எச்டிஎம்எல்லில் மொழி தமிழ் என்று அறிவிக்கும் ஒரு பண்பைச் சேர்த்தால் போதும் என்பதும் கட்டமைப்பு சரியாக இருந்ததன் பயன்.

பத்தாண்டுக்குப் பின்

2013இல், பத்தாம் ஆண்டையொட்டி ஷே கோப்பைப் புதுப்பித்து, புதிய வடிவமைப்புகளுக்கு மீண்டும் கதவைத் திறந்தார். எக்ஸ்எச்டிஎம்எல் போய் எச்டிஎம்எல்5 வந்தது. வெறும் 'டிவ்'களாக இருந்த சில பகுதிகள் 'செக்‌ஷன்', 'ஹெடர்', 'அசைட்', 'நேவ்' என்று தம் பொருளைத் தாமே சொல்லும் குறிச்சொற்களாயின. தலைப்புகளுக்குள் இருந்த 'ஸ்பேன்'கள் நீங்கின. நடைத்தாள்கள் பற்றிக்கொள்ளும் பிடியாக, ஒரு பகுதிக்கு மட்டுமே உரிய ஐடியைப் போலன்றிப் பல பகுதிகளுக்கும் இடக்கூடிய கிளாஸ் பெயர்கள் முன்னுக்கு வந்தன. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றைச் சொல்ல முடியும்: விதிகள் மோதும்போது ஓர் ஐடியின் வலு எத்தனை கிளாஸ்கள் சேர்ந்தாலும் மிஞ்ச முடியாதது, ஐடியை நம்பி எழுதிய நடைத்தாளில் ஒரு சிறு விலக்கைச் செய்வதற்குக்கூட இன்னொரு ஐடியைத் துணைக்கு அழைக்க வேண்டும். கிளாஸ்களை நம்பி எழுதினால் வலு சமமாக நிற்கும், பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை மாற்றும். மோதும் விதிகளில் எது வெல்லும் என்பதை முடிவு செய்யும் அடுக்கு வரிசை என்ற கருத்தில் மாணவர்கள் தடுமாறுவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் இந்த இரு கோப்புகளையும் அருகருகே வைத்துக் காட்டுவது பயன் தந்திருக்கிறது.

அடியில் இருந்த ஆறு வெற்று 'டிவ்'கள் மட்டும் நீங்கவில்லை. பழைய நடைத்தாள்கள் அவற்றை நம்பியிருந்ததால் எடுக்க முடியவில்லை. எச்டிஎம்எல்லில் இல்லாத, 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்னும் போலிக் கூறுகளை நடைத்தாளிலேயே உருவாக்கலாம், அவற்றையே விரும்புங்கள், இவை பழமையின் பொருட்டு மட்டுமே இருக்கின்றன என்ற குறிப்பு கோப்பில் சேர்க்கப்பட்டது. ஒரு முறை கட்டமைப்புக்குள் புகுந்த தோற்றம் பத்தாண்டுக்குப் பின்னும் வெளியேறவில்லை.

ஜென் கார்டனை முழுமையான முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் உரை மாறாதது, நீளம் தெரிந்தது. ஆகவே பங்கேற்பாளர்களால் பெட்டிகளின் உயரத்தை பிக்சல் கணக்கில் நிலைநிறுத்த முடிந்தது. உண்மையான தளத்தில் நாளை வரும் செய்தியின் நீளம் எவருக்கும் தெரியாது. பிக்சலிலும் பாயின்ட்டிலும் தரப்பட்ட எழுத்தளவை அன்றைய விண்டோஸ் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் படிப்பவர் பெரிதாக்க முடியவில்லை. கைப்பேசித் திரை அப்போது கணக்கிலேயே இல்லை. பங்கேற்பாளர்கள் தம் படங்களின் உரிமையை வைத்துக்கொண்டு, நடைத்தாளை மட்டும் பிறர் கற்பதற்காக கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் விட வேண்டும் என்ற நிபந்தனை இந்தக் குறைகள் அனைத்தையும் தாண்டி நிற்கிறது. பார்த்து வியந்த பக்கத்தின் நடைத்தாளைத் திறந்து, வரி வரியாகப் படித்து, மாற்றிப் பார்த்துக் கற்றவர்களின் ஒரு தலைமுறை அந்த நிபந்தனையால் உருவானது.

இன்று தொடங்குபவர், நடைத்தாளைத் தொடுவதற்கு முன் தமக்குப் பிடித்த தமிழ்க் கட்டுரை ஒன்றை எடுத்து, தலைப்பு, துணைத்தலைப்பு, பத்தி, பட்டியல், மேற்கோள், இணைப்பு ஆகியவற்றை மட்டும் குறித்து ஒரு கோப்பு எழுதட்டும். அதை எந்த அலங்காரமும் இல்லாமல் உலாவியில் திறந்து, மேலிருந்து கீழ்வரை உரக்கப் படிக்கட்டும்; எங்கேனும் வரிசை தடுமாறினால் கோப்பைத்தான் திருத்த வேண்டும். பிறகு கோப்பைத் தொடாமல் ஒன்றுக்கொன்று சற்றும் ஒத்துப்போகாத இரண்டு நடைத்தாள்களை எழுதட்டும். இரண்டிலும் எழுத்தளவை 200 விழுக்காடு வரை பெரிதாக்கிப் பார்த்து, எந்தப் பெட்டியிலிருந்து உரை வழிகிறதோ அந்தப் பெட்டிக்குத் தந்த உயரத்தை நீக்கட்டும்.